அனஸ்தாசியாவின் பேசின்

பாலாவி
09.02.2025

என் அருமை மருமகள் டெனிஷாவுக்கும், அவளுக்கு முன்னதாகவே இந்தக் கடிதத்தைப் பிரித்து வாசிக்கிற மதிப்புக்குரிய மடத்து மதருக்கும்,

சாள்ஸ் மாமா எழுதிக்கொள்வது. நானும் யூஜினி மாமியும் உன் அம்மாவும் தம்பி நிலுக்சனும் ஆண்டவருடைய கிருபையால் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். அங்கே பண்டாரவளைக் குளிர் எப்படி? பல் கிட்டுகிற நேரத்தில் செபம் சொன்னால் பாதி வார்த்தை வெளியே வராதே, அதைப் பரலோகத்தில் கணக்கில் எடுப்பார்களா என்று மதரிடம் கேட்டு எழுது.

மகளே, போன கிழமை உலகம் அழிந்தது. பேப்பரில் வரவில்லை. அரசாங்க வர்த்தமானியில் வந்தது. தேங்காய்ப்பூ மில்காரருக்கு இனிமேல் எண்ணிக்கைக் கூலி கிடையாதாம். நாட்சம்பளமாம். ஆளுக்கு ஒரு தரமாம்.

மதருக்கு விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். நான் கைக்கோடாலியால் சிரட்டையைத் தட்டிக் கழற்றுகிறவன். உள்ளே இருக்கிற தேங்காய் உடையாமல் பந்துபோல வரும். அதன் மண்ணிறத் தோலைப் பெண்கள் ஆளுக்கொரு பலகையில் குந்தியிருந்து கத்தியால் சீவி, தங்கள் தங்கள் முன்னால் இருக்கிற பேசினில் போடுவார்கள். பேசின் நிரம்பினால் சூப்பர்வைசர் றொகான் ஒரு தகர டோக்கன் தருவான். பின்னேரம் டோக்கனைக் கொடுத்துக் கூலி வாங்குவோம். ஆதாம் ஏவாள் காலந்தொட்டு இதுதான் நடைமுறை. ஏவாள் கூட டோக்கன் வாங்கித்தான் இருப்பாள்.

இனித் தொழில் திணைக்களக் கந்தோரிலிருந்து ஓர் ஐயா வருவாராம். சீவுவதைப் பார்த்து, இவள் தேர்ச்சி பெற்றவள், இவள் அரைத் தேர்ச்சி, இவள் தேர்ச்சியற்றவள் என்று பிரிப்பாராம். ஒரு நாளைக்கு எவ்வளவு சீவினால் முழுச் சம்பளம் என்கிற அளவையும் அன்றைக்கே வைப்பாராம். சோதனையில் விழுந்தவளுக்கு இடமில்லையாம். சிரட்டை தட்டுகிற எங்களுக்குச் சோதனையே இல்லை. பிறவியிலேயே தேர்ச்சியற்றவர்களாம். மில் வாசலில் படுத்திருக்கிற நாயையும் அதே வரியில் போட்டிருக்கலாம். அது ஈ.பி.எஃப். கேட்காது என்று விட்டுவிட்டார்கள் போல.

இதில் அருவருப்பு என்ன தெரியுமா? மில்லில் தேங்காயே இல்லை. வெள்ளை ஈ பாதி, குரங்கு பாதி, மிச்சத்தை விலை தின்றுவிட்டது. கிழமையில் மூன்று நாள்தான் மெசின் ஓடுகிறது. செத்துக்கொண்டிருக்கிற ஆளுக்குச் சட்டை தைக்க அளவெடுக்கிற மாதிரி இவர்கள் எங்களைத் தரம் பிரிக்க வருகிறார்கள். சீ!

உன் அம்மா நன்றாக இருக்கிறாள். வேறு ஒன்றும் இல்லை. குளிருக்குக் காதை மூடிக்கொள்.

இப்படிக்கு,
பிறவித் தேர்ச்சியற்றவனும் புத்தளம் மாவட்டச் சிரட்டை உடைப்புக்கு ஏகசக்கராதிபதியுமாகிய
சாள்ஸ் மாமா


நவகன்னியர் மடம், பண்டாரவளை
22.02.2025

அன்பான மாமாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். நான் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்காகவும் தினமும் செபிக்கிறேன். பாதி வார்த்தை விஷயத்தை மதரிடம் கேட்டேன். “உன் மாமா முழு வார்த்தையில் செபம் சொல்லிவிட்டு என்னிடம் கேட்கட்டும்” என்றார்.

மாமா, சோதனை என்று எழுதியதிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. நான் மடத்துக்குப் புறப்பட்ட அன்று றொகான் சொன்னது நினைவிருக்கிறதா? “அம்மா பலகையை விட்டு எழும்பினால் மகள் வந்து இருக்கலாம், இடம் உங்கட குடும்பத்துக்குத்தான்” என்றார். அங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தானே நடக்கிறது. கைருன்னிஸா ராத்தா அவருடைய உம்மாவின் இடத்தில்தான் இருக்கிறார்.

எனக்கு டிசம்பரில் முதல் வார்த்தைப்பாடு. கன்னியாஸ்திரியாவதுதான் என் ஆசை. ஆனால் அம்மாவுக்கு இயலாமல் வந்தால், நிலுக்சன் ஏ.எல். முடிக்கும்வரை அந்த இடத்தை நாங்கள் விட முடியாது. அப்படி ஒன்று என்றால் ஒளிக்காமல் எழுதுங்கள். நான் வந்து இருப்பேன். என் கை நல்ல கை.

அம்மா ஏன் ஒரு வரியும் எழுதுவதில்லை?

மாமியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஆண்டவரில் அன்புள்ள,
டெனிஷா


பாலாவி
16.03.2025

வருங்காலப் புனிதை டெனிஷாவுக்கும், என்னை முழு வார்த்தையில் செபிக்கச் சொன்ன மதருக்கும்,

மாமாவின் வணக்கம். வீட்டில் எல்லோரும் நலம். மாமிக்கு முழங்கால் நோகிறது. ஆனால் என்னைத் திட்டுவதற்கு முழங்கால் தேவைப்படுவதில்லை என்பதால் வீட்டு நிருவாகம் தடையில்லாமல் நடக்கிறது.

சோதனை முடிந்தது! உன் அம்மா எந்த இடத்தில் வந்தாள் என்று நினைக்கிறாய்? முதலாம் இடம். தேர்ச்சி பெற்றோரின் உச்சியில், மகுடத்தில் கல் பதித்தது மாதிரி அனஸ்தாசியாவின் பேர்.

ஐயா காலையில் ஜீப்பில் வந்து இறங்கினார். மில்லுக்குள் ஒரு கால் வைத்தார். புளித்த தேங்காய்த் தண்ணீரின் நாற்றம் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தது. எடுத்த காலை அப்படியே வெளியே வைத்தவர்தான், பிறகு பின்னேரம்வரை விறாந்தையில் கதிரை போட்டு, மூக்கில் லேஞ்சியைப் பிடித்துக்கொண்டு, இளநீர் குடித்தபடி எங்கள் தேர்ச்சியை அளந்தார். எண்ணிக்கையை றொகான் உள்ளேயிருந்து கத்துவான். ஐயா வெளியே இருந்து எழுதுவார். முழங்கையால் ஈ கலைத்துக்கொண்டு எழுதினார்.

உன் அம்மா சீவினாளே ஒரு சீவல்! கத்தி சுழன்ற சுழற்சியில் மில்லுக்குள் கச்சான் காற்று அடித்தது. தோல் பறந்துபோய் ஆலங்குடாக் கடற்கரையில் விழ, பட்டம் கட்டிக்கொண்டு கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரன் ஒருவன் அதைப் பிடித்துப் பார்த்து அழுதானாம். பேசின் நிரம்புகிறது, டோக்கன் விழுகிறது, நிரம்புகிறது, விழுகிறது. றொகானுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

பின்னேரம் ஐயா அவளைக் கூப்பிட்டு, “அம்மா, எத்தினை வருசம் இந்த வேலை?” என்று கேட்டார். உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அடக்கம்.

ஆகவே இடம் பத்திரம். நீ நிம்மதியாக உன் வார்த்தைப்பாட்டைப் பார். அம்மா உனக்கு முத்தம் சொன்னாள்.

இப்படிக்கு,
முதலாம் இடத்தின் அண்ணனாகிய
சாள்ஸ் மாமா


பண்டாரவளை
29.03.2025

அன்பான மாமாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். மாமியின் முழங்காலுக்கு இங்கே ஒரு சிஸ்டர் எண்ணெய் காய்ச்சித் தந்திருக்கிறார். தனியாக அனுப்புகிறேன்.

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் மதரே வாசித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு படுக்கப் போகும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

மாமா, ஒரு வருஷம் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து சீவியவள் நான். அம்மா ஆறுதலாக, மெல்லச் சீவுகிறவர். சுத்தமாக இருக்கும், ஆனால் கெதி இல்லை. கைருன்னிஸா ராத்தாவை அந்த மில்லில் ஒருவரும் முந்தியதில்லை.

உங்களுக்குத் தெரியாததா? யாருக்காவது சுகமில்லை என்றால், தண்ணீர்க் குழாயடிக்குப் போகிறவளும் வருகிறவளும் தன் காயில் ஒன்றிரண்டை அவள் பேசினில் போட்டுவிட்டுப் போவாள். ஒருவரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. போடுகிறவள் திரும்பிப் பார்ப்பதும் இல்லை, வாங்குகிறவள் நிமிர்ந்து பார்ப்பதும் இல்லை. பஸீனா பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது நானும் போட்டிருக்கிறேன்.

சோதனை அன்று அம்மாவின் பேசினில் யார் யார் போட்டார்கள்? ஏன் போட்டார்கள்? அம்மாவுக்கு என்ன?

இது மட்டும்தான் என் கேள்வி.

அன்புள்ள,
டெனிஷா


பாலாவி
21.04.2025

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உனக்கும் மதருக்கும் எண்ணெய் காய்ச்சிய சிஸ்டருக்கும் உண்டாவதாக.

உயிர்ப்புப் பெருநாள் நன்றாகப் போயிற்று. கண்டக்குழியிலிருந்து மாமியின் தம்பி ஒரு பாரை மீன் கொண்டுவந்தான். அதன் தலை நம் குசினிக்குள்ளும் வால் பாலாவிச் சந்தியிலும் கிடந்தது. புத்தளம் பஸ் அதைச் சுற்றிக்கொண்டு போனது. மாமியின் முழங்கால் எண்ணெய் பட்டதும் எழுந்து நடந்துவிட்டது. மாமிதான் இன்னும் கட்டிலில் இருக்கிறாள்.

உன் கேள்வி நல்ல கேள்வி. உன்னைப் படிப்பித்தது வீண்போகவில்லை.

இங்கே புது அட்டவணை அமுலுக்கு வந்துவிட்டது. ஐயா வைத்த அளவு என்ன தெரியுமா? சோதனையில் முதலாவதாக வந்தவள் எவ்வளவு சீவினாளோ, அதுதான் ஒரு நாளைக்கு எல்லோருக்கும் நியாயமான அளவாம். அதைத் தொட்டால் முழுச் சம்பளம். தொடாதவளுக்குத் தரம் இறங்கும், சம்பளம் வெட்டுப்படும். றொகான் அந்த எண்ணைச் சிவப்பு மையால் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறான். அந்தோனியார் வந்து பேய்களையும் உதவிக்கு வைத்துக்கொண்டு சீவினாலும் அந்த எண் வராது. கைருன்னிஸா ராத்தாவுக்கே வரவில்லை. அவவை அரைத் தேர்ச்சியாக்கிவிட்டார்கள்! காகத்தைப் பிடித்து நீ அரைக் கறுப்பு என்று சொன்ன மாதிரி.

றொகானிடம் போய்க் கேட்டேன்.

“தம்பி, இது மனிசர் சீவுற கணக்கா?”

“நான் என்ன செய்யிற அண்ணன்? உங்கட தங்கச்சி சீவினதுதானே. ஐயா கண்ணால பாத்தவர்.”

“ஐயா லேஞ்சியைத்தானே பாத்தவர்.”

“அப்ப போய் ஐயாட்டச் சொல்லுங்கோவன், உங்கட தங்கச்சி சீவேல்லை எண்டு.” சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு பெருநாள் மீன் எனக்கு இறங்கவில்லை.

அம்மா சுகம். மழைக்குப் பிறகு கொசு கூட. அங்கே கொசு இருக்கிறதா?

இப்படிக்கு,
சாள்ஸ் மாமா


பண்டாரவளை
10.05.2025

அன்பான மாமாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். இங்கே கொசு இல்லை.

நீங்கள் மீனைப் பற்றி எழுதினீர்கள், முழங்காலைப் பற்றி எழுதினீர்கள், றொகானின் சிரிப்பைப் பற்றிக்கூட எழுதினீர்கள். நான் கேட்டதற்குப் பதில் எழுதவில்லை.

அம்மாவுக்கு என்ன?

டெனிஷா


பண்டாரவளை
07.06.2025

மாமாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். நான் எழுதி நான்கு கிழமை ஆகியும் உங்களிடமிருந்து பதில் இல்லை. காத்திருந்து பார்த்துவிட்டுப் பஸீனாவுக்கு எழுதினேன். அவளிடமிருந்து உடனே பதில் வந்தது. அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்.

“உங்கட உம்மாட வலக்கைப் பெருவிரல்ல பாதி இல்ல டெனிஷா. மார்கழியில கத்தி வெட்டின காயம், சீனி வருத்தத்தால ஆறல்ல. ஆசுப்பத்திரியில தை மாசம் எடுத்துட்டாங்க. கத்தி பிடிக்க ஏலா. சீலையால கையக் கட்டிக்கிட்டு வந்து எங்கட நடுவில இருப்பாங்க. நாங்கதான் போடுவோம். சோதனை அன்டக்கி, உம்மாட இடம் போயிடும் எண்டு எல்லாருக்கும் பயம். நான் போடாட்டி வேற ஆரும் போடமாட்டாங்களோ எண்டு ஒவ்வொருத்தியும் நினைச்சு அள்ளி அள்ளிப் போட்டுட்டோம். ஆரு எவ்வளவு போட்டண்டு ஆருக்கும் தெரியா. கேக்கிறதும் இல்லத்தானே. இப்ப அந்தக் காயெல்லாம் எங்கட தலையில விழுந்திருக்கி.”

அம்மா தலையைக் குனிந்து நின்றதை அடக்கம் என்று எழுதினீர்கள்.

அம்மா இனி அங்கே இருக்க வேண்டாம். நான் வருகிறேன். அம்மாவின் இடத்தில் இருந்து சீவுகிறேன். மதரிடம் இன்னும் சொல்லவில்லை, ஆனால் இதையும் அவர்தான் முதலில் வாசிப்பார்.

டெனிஷா


பாலாவி
15.06.2025

டெனிஷா மகளுக்கு,

மாமா எழுதுவது. மதர் மன்னிக்க வேண்டும், இந்த முறை சிரிக்க ஒன்றும் இல்லை.

பஸீனா எழுதியதெல்லாம் சரி. விரல் போன அன்று உன் அம்மா ஆசுப்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு என்னிடம் சத்தியம் வாங்கினாள். “அவளுக்குத் தெரிஞ்சா ஓடி வந்துடுவாள் அண்ணன். எழுதுறதெண்டால் சிரிப்பா எழுதுங்கோ. உங்களுக்கு அது வருமே” என்றாள். எனக்கு அது வரும். வந்தவரைக்கும் எழுதினேன்.

சோதனை அன்று நான் சிரட்டை தட்டிக்கொண்டு எதிரேதான் இருந்தேன். காய் மழையாக விழுந்தது. உன் அம்மா வாய்க்குள்ளே, “போதும், போதும் பிள்ளையள்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவருக்கும் கேட்கவில்லை. றொகான் பேசினுக்கு மேலேயே நின்றான். அவன் கண் முன்னால் இன்னொருத்தியின் காய் வந்து விழும். அவன் டோக்கனைப் போட்டுவிட்டு வெளியே பார்த்து எண்ணைக் கத்துவான். உதவி செய்கிறான் என்று நினைத்தேன். நல்ல பெடியன் என்றுகூட மாமியிடம் சொன்னேன். எண் ஏற ஏறத் தன் முதலாளிக்கு இலாபம் என்று அவன் கணக்குப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்குச் சுவரில் சிவப்பு மையைப் பார்த்த அன்றுதான் விளங்கியது.

இப்போது மில்லுக்குள் கதை இல்லை. எல்லோரும் அந்த எண்ணைப் பிடிக்க ஓடுகிறார்கள். தண்ணீர் குடிக்க எழும்புவதில்லை. அப்படியிருந்தும் பஸீனா மட்டும் நாளுக்கு இரண்டு மூன்று காயைக் கொண்டுவந்து போடுகிறாள். அவளுக்கே அளவு வருவதில்லை. போன மாதம் அவளையும் தரம் இறக்கிவிட்டார்கள்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அழுவாள் என்று நினைத்தேன். “எப்ப வாறாளாம்?” என்று மட்டும் கேட்டாள். பிறகு எழுந்துபோய்ச் சாப்பாட்டுக்குப் பாண் வெட்டினாள், இடக்கையால்.

மகளே, வராதே. கொஞ்சம் பொறு. நான் ஏதாவது செய்கிறேன். என்ன செய்வேன் என்று கேட்காதே.

சாள்ஸ் மாமா


பண்டாரவளை
21.06.2025

அன்பான மாமாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். அம்மாவின் காயத்தைத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மேல் கோபம் இல்லை. ஆனால் பொறுத்து என்ன ஆகப்போகிறது? மதரிடம் கதைத்தேன். போய்வரலாம், கதவு திறந்திருக்கும் என்றார். ஆனால் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்தப் பலகையில் இருந்தவர்கள் சுகமாக எழும்பி வந்ததில்லை.

யூலை இருபதாம் திகதி வருகிறேன். திங்கட்கிழமை காலை வேலைக்கு வருவேன் என்று றொகானிடம் சொல்லிவிடுங்கள். அம்மாவின் கத்தியைத் தீட்டி வையுங்கள்.

அன்புள்ள,
டெனிஷா


பாலாவி
13.07.2025

அன்புள்ள மருமகள் டெனிஷாவுக்கும், மதிப்புக்குரிய மதருக்கும்,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நீ புறப்படுவதற்கு முன் இந்தக் கடிதம் வந்துசேர வேண்டும் என்று புத்தளம் தபால் கந்தோருக்குக் கொண்டுபோய் நானே போடப்போகிறேன்.

நீ வருகிறாய் என்று வாசித்துக் காட்டிய மறுநாள் காலை உன் அம்மா நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். “கந்தோருக்குப் போவம் அண்ணன்” என்றாள். போனோம். அதே ஐயா. நாற்றம் இல்லாத இடத்தில் நல்ல மனிதராகத்தான் இருந்தார்.

“ஐயா, நீங்க வைச்ச அளவு என்ட அளவாம். நான் திரும்பவும் சீவிக் காட்டோணும்.”

“ஏன் அம்மா? நீங்கள்தானே முதலாவது.”

“அதுதான் பிழை.”

“இஞ்ச வாற எல்லாரும் தரத்தைக் கூட்டச் சொல்லித்தான் வாறவை. குறைக்கச் சொல்லி ஆர் வந்தது?”

உன் அம்மா கையில் சுற்றியிருந்த சீலையை அவிழ்த்து மேசையில் கையை வைத்தாள். ஐயா லேஞ்சியைத் தேடினார். பிறகு அதை எடுக்காமலே விட்டுவிட்டார்.

போன வெள்ளிக்கு முதல் வெள்ளி மில்லுக்கு வந்தார். இந்த முறை உள்ளே வந்து, பலகைக்குப் பக்கத்தில் நின்றார். மற்றப் பெண்களைச் சீவுவதை நிறுத்திவிட்டு எழுந்து நிற்கச் சொன்னார். றொகான் ஓடிவந்து, “ஐயா, இண்டைக்கு அவக்குச் சுகமில்லை, இன்னொரு நாள் பாப்பம்” என்றான். ஐயா கேட்கவில்லை.

உன் அம்மா கத்தியை இரண்டு விரலுக்கு நடுவில் செருகிக்கொண்டு சீவினாள். ஒரு காய் முடிய எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. நான் முழுக்கப் பார்க்கவில்லை, பாதி நேரம் கோடாலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தி வழுக்கும், காய் உருண்டு போகும், எட்டி எடுப்பாள், மறுபடி சீவுவாள்.

அப்போது பஸீனா தண்ணீர்க் குழாயடிக்குப் போகப் புறப்பட்டாள். அவள் கையில் முதலே சீவி வைத்திருந்த காய் ஒன்று. உன் அம்மாவைத் தாண்டும்போது அந்தக் கை தன்பாட்டில் போய்க் காயைப் பேசினில் போட்டுவிட்டது. ஐயாவின் முகத்துக்கு முன்னால். பஸீனா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் செய்தது அவளுக்கே தெரிந்திருக்காது.

உன் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அந்த மில்லில் ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பேசினுக்குள் கையை விட்டு அந்தக் காயை எடுத்து வெளியே, சீமெந்தில், ஐயாவின் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டுத் தன் காயைச் சீவினாள்.

பஸீனா குழாயடியில் நின்று அதைப் பார்த்தாள். அடித்திருந்தால்கூட அவளுக்கு முகம் அப்படி ஆகியிருக்காது.

“அப்ப அண்டைக்குச் சீவினது ஆர்?” என்று ஐயா கேட்டார். உன் அம்மாதான், “நான்தான் ஐயா. இண்டைக்கு இவ்வளவுதான் வருது. இதை எழுதுங்கோ” என்றாள். ஐயா அவளைப் பார்த்தார், வெளியே கிடந்த காயைப் பார்த்தார், பிறகு எழுதினார். சுவரிலிருந்த சிவப்பு எண் போயிற்று. பிறகு மற்றவர்களையும் சீவவைத்துப் பார்த்து, நடுத்தரமாகச் சீவுகிறவளின் அளவை வைத்திருக்கிறார். பஸீனாவுக்கும் மற்றவர்களுக்கும் பழைய தரம் திரும்பக் கிடைத்தது. கைருன்னிஸா ராத்தா தேர்ச்சி பெற்றோரில் முதலாவது.

அம்மாவுக்குத் தரம் இல்லை. கத்தி பிடிக்க இயலாதவருக்கு அட்டவணையில் வரி இல்லையாம்.

அப்போதுதான் றொகான் தேன் வடிய வந்து சொன்னான், “அதுக்கென்ன அக்கா, மகள் வாறாவாம்தானே. இடம் உங்களுக்குத்தான் இருக்குது.”

உன் அம்மா அவனைப் பார்க்கவே இல்லை. ஐயாவைப் பார்த்து, “அந்த இடத்தை வெட்டிவிடுங்கோ ஐயா” என்றாள்.

“இடத்தை ஏன் வெட்டவேணும்? மகள் வாறா எண்டு சொல்லுறார்.”

“ஓம். அதுக்குத்தான்.”

றொகான் வெளியே போய் முதலாளிக்குப் போன் பண்ணிவிட்டு வந்தான். தேங்காய் இல்லாத காலம், ஓர் ஆள் குறைந்தால் நல்லதுதானாம். பெரிய மனசோடு சம்மதம் சொன்னான். உன் அம்மா கேட்டதும் அவர்களுக்கு வாய்த்த இலாபமும் ஒரே வரியில் எழுதப்பட்டுக் கையெழுத்தும் வைக்கப்பட்டது. மகளே, முப்பது வருஷம் அந்த நாற்றத்துக்குள் இருந்தவன் நான். ஒருநாளும் குமட்டிச் சத்தி எடுத்ததில்லை. அன்றைக்கு மில்லுக்குப் பின்னால் போய் எடுத்தேன்.

பின்னேரமே அவளுடைய பலகையைக் கழற்றிவிட்டார்கள். கைருன்னிஸா ராத்தாவும் பக்கத்தில் இருந்தவளும் கொஞ்சம் தள்ளி இருந்து இடைவெளியை மூடிக்கொண்டார்கள்.

பஸீனா ஒரு கிழமை இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. நேற்றுக் காலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒரு கதையும் இல்லாமல் உன் அம்மாவின் மடியில் வைத்தாள். “எனக்கு மில்லுக்கு நேரமாகுது. பின்னேரம்தான் வருவன்” என்று போய்விட்டாள். பிள்ளை உன் அம்மாவின் கட்டுத்துணியை இழுத்து இழுத்து விளையாடியது. இனி அது இங்கேதான் வளரும் போல. பஸீனா அதற்குத் தருவது தருவாள். அம்மாவுக்கும் நிலுக்சனுக்கும் சோறு என் வீட்டில். மாமியும் அப்படித்தான் சொன்னாள், என்னைத் திட்டிக்கொண்டே.

இதை எழுத உட்கார்ந்தபோது, “உன் பங்குக்கு என்ன எழுதட்டும்?” என்று உன் அம்மாவிடம் கேட்டேன். பிள்ளை நித்திரையாகிவிட்டது, மெல்லக் கதைக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

“இடமில்லை எண்டு எழுதுங்கோ” என்றாள்.

சாள்ஸ் மாமா